எக்ஸ்போஸைத் தேடிக் கூப்பர்ஸ்டவுனுக்கு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், நியூயோர்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்போல் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்ததை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். மொன்றியலில் 1969 முதல் 2004 வரை ஆடிவிட்டு வோஷிங்டனுக்குக் குடிபெயர்ந்த எக்ஸ்போஸ்தான் என் அணி, அதன் தடயம் ஏதாவது அங்கே மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன் என்பதே விஷயம். வழக்கமாக எனக்கு வருவது வருமான வரி, ஓய்வூதியம், விசாக் கேள்விகள். இம்முறை கடிதப் பை முழுக்கப் பேஸ்போல். ஓய்வூதியக்காரர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அண்ணை, "பார்த்தேன், மனம் நிறைந்தது" என்று முடித்துவிட்டீர்கள். இல்லாமல் போன அணிக்கு அங்கே என்ன இருக்கிறது? உண்மையில் எதைப் பார்த்தீர்கள்? (ஸ்காபரோ வாசகர்)

முதலில் எது இல்லை என்று சொல்கிறேன். இப்போது ஆடுகிற 30 அணிகளுக்கும் அங்கே ஆளுக்கொரு கண்ணாடி லொக்கர் இருக்கிறது. உடைமாற்றும் அறையில் இருப்பதுபோல மேற்சட்டை, மட்டை, சப்பாத்து, பந்து என்று அண்மைக்காலப் பொருட்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் ரசிகர் வந்தாலும் நேரே தன் அணியின் லொக்கருக்கு முன்னால் போய் நின்று படம் எடுக்கிறார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறார். மொன்றியலுக்கு அப்படி ஒரு லொக்கர் கிடையாது.

சட்டப்படி எக்ஸ்போஸின் வாரிசு வோஷிங்டன் நஷனல்ஸ். அவர்களின் லொக்கருக்கு முன்னாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். 2019இல் உலகத் தொடரை, அதாவது பேஸ்போலின் ஆண்டு இறுதிக் கிண்ணத்தை வென்ற அணி, நல்ல அணிதான். ஆனால் பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் நிற்பதுபோல இருந்தது. இனி எவரும் போடக்கூடாது என்று எக்ஸ்போஸ் ஓய்வு கொடுத்து வைத்திருந்த 8, 10, 30 ஆகிய சட்டை எண்களை வோஷிங்டனில் வேறு ஆட்களுக்குப் போடக் கொடுத்துவிட்டார்கள். பிறகு, அந்த எண்களில் ஆடிய கார்ட்டர், டோசன் பெயர்களைத் தங்கள் மைதானத்தின் கௌரவ வரிசையில் ஏற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொன்றியலில் அந்த எண்கள் தொங்குவது எங்கே தெரியுமா? ஐஸ் ஹொக்கி அரங்கில்! 2005இல் கனடியன்ஸ் அணி தன் கூரையில் எக்ஸ்போஸுக்கும் ஒரு கொடி ஏற்றி வைத்தது. பெல் சென்டருக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள்.

சரி, இருப்பதற்கு வருகிறேன். கீழ்த்தளத்தில் வெண்கலப் பலகைகளின் மண்டபம் இருக்கிறது. தேர்வான ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை: மேலே முகம், தலையில் ஓர் அணியின் தொப்பி, கீழே பெயர், அதற்குக் கீழே ஆடிய அணிகளும் ஆண்டுகளும், பிறகு சாதனை பற்றி நாலைந்து வரி. 1936இல் தேர்வான முதல் ஐவர் டை கொப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மத்தியுசன், வோல்டர் ஜோன்சன். அவர்களில் தொடங்கி இன்றுவரை 300க்கு மேல் முகங்கள். அத்தனை பேரிலும் எக்ஸ்போஸ் தொப்பியோடு இருப்பவர்கள் மூவர்தான். 2003இல் கேரி கார்ட்டர், 2010இல் ஆன்ட்ரே டோசன், 2017இல் டிம் ரெயின்ஸ். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பார்த்துப் பழகிய தொப்பி வெண்கலத்தில் மண்நிறமாகிவிட்டது, பரவாயில்லை. அந்தச் சுழித்த எழுத்துச் சின்னம் மாறவில்லை.

மூன்று பலகைகளைப் பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகாது. அதன் பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை தொடங்கியது. தொப்பியை விட்டுவிட்டுப் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்து வரிகளை வாசித்துக்கொண்டு போனேன். ரண்டி ஜோன்சன், தொப்பி அரிசோனாவுடையது, முதல் வரி மொன்றியல், 1988 முதல் 1989 வரை. லரி வோக்கர், தொப்பி கொலராடோ, முதல் வரி மொன்றியல். விளாடிமிர் குரேரோ, தொப்பி ஏஞ்சல்ஸ், முதல் வரி மொன்றியல், 1996 முதல் 2003 வரை. நடுவில் வந்து போனவர்களும் உண்டு: டொனி பெரெஸ் மூன்று பருவம், லீ ஸ்மித் ஒரு பருவம்.

எங்களிடம் இருந்து பொஸ்டனுக்குப் போன பெட்ரோ மார்ட்டினெஸின் பலகைக்கு முன்னால் பொஸ்டன் தொப்பி போட்ட ஒரு பெரியவர் நின்றார். நான் குனிந்து வாசிப்பதைப் பார்த்து, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். "1994 முதல் 1997 வரை எங்களிடம் இருந்தார், முதல் சை யங் விருதை எங்கள் சட்டையோடுதான் வாங்கினார்" என்றேன். சிறந்த பந்து வீச்சாளருக்கான விருது அது. மனுஷன் கையைப் பிடித்துக் குலுக்கி, "அனுப்பி வைத்ததற்கு நன்றி" என்றார். கோபப்படவும் முடியவில்லை.

மாறிப்போன அணியைத் தேடிப் போகிறவர்களுக்கு, அது புரூக்ளின் டொட்ஜர்ஸாக இருந்தாலும் சரி, என் யோசனை இதுதான்: அணியின் பெயர்ப்பலகையைத் தேடாதீர்கள், ஆட்களின் வரிகளை வாசியுங்கள்.

கேள்வி: ஊரை விட்டு வந்த மனிதர் என்பதால்தான் ஊரை விட்டுப் போன ஓர் அணியில் இப்படி ஒட்டிக்கொண்டீர்களோ? (மார்க்கம் வாசகி, உளவளத்துணையாளர்)

இல்லை தங்கச்சி. நான் ஒட்டிக்கொண்டபோது அணி அங்கேயேதான் இருந்தது. மேல்தட்டுக் கதிரை மலிவு, அவ்வளவுதான் காரணம்.

கேள்வி: ஐயா, எங்களுக்கு இங்கே கிரிக்கெட் போதும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இந்த விளையாட்டு எப்படிப் பிடித்தது? (கோண்டாவில் வாசகர்)

எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கியபோது வேலை கிடைத்தது ஓர் உணவகத்தின் சமையலறையில், கோப்பை கழுவ. அங்கே அலுமாரிக்கு மேல் ஒரு வானொலி இருந்தது. கோடை முழுக்க ஜாக் டூசே என்ற வர்ணனையாளரின் பிரெஞ்சுக் குரல். 1972 முதல் அணி போகும்வரை அவர்தான் எக்ஸ்போஸின் வானொலிக் குரல். பிரெஞ்சில் எண்கள் எனக்கு வகுப்பில் ஏறவில்லை, ஸ்கோர் கேட்டுத்தான் ஏறின.

விளையாட்டை விளங்கிக்கொள்ளக் கிரிக்கெட் தெரிந்தவனுக்குப் பெரிய சிரமம் இல்லை. பந்து குத்தாமல் வருகிறது, மட்டை உருண்டை, தவறவிட்டால் மூன்று தடவையில் ஆட்டமிழப்பு, அடித்தால் ஓட்டம் கட்டாயம். எங்கள் ஊர்க் கண்ணுக்குக் குரேரோ மிகவும் பிடித்துப்போனார். மற்றவர்கள் அடிக்காமல் விட்டுவிடும் பந்துகளை, சப்பாத்து உயரத்தில் வருவதைக்கூட, கையுறை போடாத வெறுங்கையால் தூக்கி வேலிக்கு வெளியே போடுவார். பக்கத்துக் கதிரைக்காரர்கள் தலையில் கை வைப்பார்கள். யோர்க்கரைத் தூக்கி அடிப்பதில் என்ன அதிசயம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று. நான் முதலில் குடியிருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில். மொன்றியல் தமிழர்களில் பாதிப் பேருக்கு முதல் முகவரி அதுதான். அதன் ஓரத்தில் ஜாரி பூங்கா இருக்கிறது. 1976 வரை எக்ஸ்போஸ் ஆடிய சின்ன மைதானம் அங்கேதான் இருந்தது, இப்போது அது ரெனிஸ் அரங்கு. வலப்பக்க வேலிக்கு அப்பால் ஒரு நீச்சல் குளம். பிற்ஸ்பேர்க்கின் வில்லி ஸ்டார்ஜல் அடித்த பந்து அந்தக் குளத்துக்குள் போய் விழுந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் குளித்துப் பழகிய குளமும் அதுவே.

கேள்வி: வீரர் எந்தத் தொப்பியோடு பலகையில் இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? டோசன் எக்ஸ்போஸ் தொப்பி வேண்டாம் என்று சொன்னதாகக் கேள்வி. விரும்பாதவரின் தலையில் உங்கள் தொப்பியை வைத்துவிட்டு மனம் நிறைந்தது என்கிறீர்களே? (ஒட்டாவா வாசகர்)

குத்தலான கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முன்பெல்லாம் வீரரின் விருப்பமே பெரும்பாலும் நடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், ஓர் அணி பணம் கொடுத்துத் தன் தொப்பியைப் பலகையில் ஏற்றப் பார்க்கிறது என்று செய்தி அடிபட்டது. 2001இல் அருங்காட்சியகம் விதியை மாற்றியது. வீரரோடு பேசும், ஆனால் கடைசி முடிவு அருங்காட்சியகத்துடையது. எந்த அணியில் அவர் ஆழமாகத் தடம் பதித்தார் என்பதே அளவுகோல்.

புதிய விதி வந்த கையோடு வந்தவர் கார்ட்டர். 1974 முதல் 1984 வரை மொன்றியலின் கேச்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளர் போல), ஊரின் செல்லப் பிள்ளை. ஆனால் உலகத் தொடரை வென்றது 1986இல், நியூயோர்க் மெற்ஸ் சட்டையோடு. தேர்வானபோது அவர் மனம் மெற்ஸ் பக்கம் சாய்ந்திருந்தது. அருங்காட்சியகம் எக்ஸ்போஸ் என்றது. அவர் ஏற்றுக்கொண்டு, விழா மேடையில் பிரெஞ்சிலும் நாலு வார்த்தை பேசினார். 2012இல் காலமானார்.

டோசன் கதை வேறு. 1977இல் ஆண்டின் சிறந்த புதுமுகம், பத்துப் பருவம் முழுதாக எங்களுக்கு ஆடியவர். ஜாரிக்குப் பிறகு எக்ஸ்போஸ் ஆடிய ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் தரை செயற்கைப் புல், அதற்குக் கீழே கொங்கிரீற். அதன் மேல் ஓடி ஓடி அவர் முழங்கால்கள் போய்விட்டன. 1987இல், சம்பளத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சிக்காகோ கப்ஸிடம் நீட்டினார். அவர்கள் எழுதிய அடிப்படைத் தொகை 5 லட்சம் டொலர். இயற்கைப் புல்லில் அந்த வருடமே 49 ஹோம் ரன் (எங்கள் சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி), லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது, அதுவும் பிரிவில் கடைசியாக வந்த அணிக்கு ஆடி! அவர் மனம் சிக்காகோவில் நின்றுவிட்டதில் யார் குறை சொல்ல முடியும்? 2010இல் எக்ஸ்போஸ் தொப்பி என்று அறிவித்தபோது ஏமாற்றத்தை மறைக்காமல் சொன்னார். 2023இல் தொப்பியை மாற்றித் தரும்படி கடிதமும் எழுதினார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கார்ட்டர் விஷயத்தில் அருங்காட்சியகம் செய்தது சரி. டோசன் விஷயத்திலும் கணக்குப்படி சரி. கூடுதல் பருவங்கள் எங்களிடம், களத்தடுப்பு விருதுகளில் பெரும்பங்கு எங்களிடம். ஆனால் மாற்றிக் கொடுத்தால் நான் எதிர்த்துக் கடிதம் எழுத மாட்டேன். முழங்கால் அவருடையது. ரசிகன் கொடுத்தது ரிக்கெற் காசு. தொப்பி மாறினாலும் அணிகளின் வரிசையில் மொன்றியல் முதலாவதாகத்தான் இருக்கும், அது எனக்குப் போதும். ரெயின்ஸ் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. தகுதியின் பத்தாவது, கடைசி ஆண்டில் தேர்வானார், தொப்பியைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை.

ஓர் உபகதை. கார்ட்டர் ஓய்வு பெறும் முன் 1992இல் மறுபடி மொன்றியலுக்கு வந்து கடைசிப் பருவத்தை ஆடினார். செப்டெம்பர் 27, சொந்த மைதானத்தில் அவர் கடைசியாக மட்டை பிடித்தது சிக்காகோவுக்கு எதிராக. அடித்த பந்து வலப்பக்கத்தில் நின்றவரின் தலைக்கு மேலால் போனது. நின்றவர் டோசன். அன்று ஸ்டேடியம் எழுந்து நின்ற நேரத்தில் இரண்டு பேரில் யாருக்குக் கை தட்டுகிறோம் என்று எங்களுக்கே தெளிவில்லை.

கேள்வி: பேஸ்போலைக் கண்டுபிடித்தவர் கூப்பர்ஸ்டவுனைச் சேர்ந்த ஒருவராம், அதனால்தான் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறதாம். உண்மையா? (லண்டன் வாசகர்)

பொய். ஆனால் நல்ல பொய். 1905இல் பேஸ்போலின் பூர்வீகத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். அப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர், 1839இல் கூப்பர்ஸ்டவுனில் அப்னர் டபுள்டே இந்த விளையாட்டை உருவாக்கியதைச் சிறுவனாக இருந்தபோது கண்டதாக எழுதி அனுப்பினார். குழு அதைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் இருந்து வந்த விளையாட்டு என்று சொல்ல மனமில்லாத காலம் அது. டபுள்டே 1839இல் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பிறகு உள்நாட்டுப் போரில் ஜெனரலாகப் பெயர் வாங்கினார். பேஸ்போலுக்கு உரிமை கோரி அவர் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை.

1934இல் பக்கத்துக் கிராமத்துப் பண்ணை வீடொன்றின் பரணில் தையல் விட்ட ஒரு பழைய பந்து அகப்பட்டது. தையல் இயந்திரக் கொம்பனியான சிங்கரின் செல்வத்துக்கு வாரிசான ஸ்டீபன் கிளார்க் அதை 5 டொலருக்கு வாங்கினார். பொருளாதார மந்தத்தில் படுத்துக் கிடந்த ஊருக்கு ஆட்களை வரவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1939 ஜூன் 12இல் அருங்காட்சியகம் திறந்தது. இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத ஊர் இன்றுவரை அதில் பிழைக்கிறது. டபுள்டே கதை உண்மையல்ல என்பதை இப்போது அருங்காட்சியகமே சொல்கிறது. எங்கள் ஊர்த் தலபுராணங்களோடு வளர்ந்த எனக்கு இது ஒன்றும் உறுத்தவில்லை.

கேள்வி: மாமா, யூப்பி அங்கே இருக்கிறதா? எனக்கு 9 வயது. (லவால் வாசகி)

யூப்பியை நான் அங்கே காணவில்லை மகள். அதற்கு மொன்றியலில் இப்போதும் வேலை இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: யூப்பி என்பது எக்ஸ்போஸின் செம்மஞ்சள் நிற உரோமப் பொம்மை வேடம். அணி போனதும் 2005இல் ஹொக்கி அணி அதை வேலைக்கு எடுத்துக்கொண்டது.

உனக்கு ஒரு கதை. 1989 ஓகஸ்ட் 23இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோடு ஆட்டம். யூப்பி எதிரணி உட்காரும் கொட்டகையின் கூரையில் ஏறித் தாம்தூம் என்று குதித்தது. உள்ளே இருந்த பயிற்சியாளர் டொமி லசோர்டாவுக்குக் கோபம் வந்து நடுவரிடம் முறையிட்டார். 11ஆவது இன்னிங்ஸில் நடுவர் யூப்பியை வெளியே போகச் சொல்லிவிட்டார். அந்த ஆட்டம் 22 இன்னிங்ஸ் நீண்டு, கடைசியில் ஒரேயொரு ஓட்டத்தில் அவர்கள் வென்றார்கள். லசோர்டாவின் வெண்கலப் பலகை மண்டபத்தில் இருக்கிறது. யூப்பி பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.

கேள்வி: 1994இல் எக்ஸ்போஸ்தான் வென்றிருக்கும் என்று மொன்றியல்காரர் எல்லாரும் சொல்கிறீர்கள். அருங்காட்சியகத்தில் அதற்கு ஏதும் சான்று உண்டா? (மிசிசாகா வாசகர்)

சான்று எப்படி இருக்கும் தம்பி, தொடரே நடக்கவில்லையே. ஓகஸ்ட் 12இல் வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. இரு லீக்குகளிலும் அதைவிட நல்ல கணக்கு எவரிடமும் இல்லை, அட்லாண்டா ஆறு ஆட்டம் பின்னால் நின்றது. செப்டெம்பர் 14இல் உலகத் தொடரை ரத்துச் செய்தார்கள். 1904க்குப் பிறகு உலகத் தொடர் இல்லாமல் போன ஒரே ஆண்டு. அடுத்த வசந்தத்தில் சம்பளம் கட்ட மனமில்லாமல் முதலாளிகள் கிரிசம், வெட்லண்ட், ஹில் ஆகியோரை விற்றுத் தள்ளினார்கள், வோக்கரையும் போகவிட்டார்கள்.

உலகத் தொடர் வெற்றிகளுக்கென்று அங்கே தனிப்பகுதி இருக்கிறது: மோதிரங்கள், பந்துகள், மட்டைகள். அந்த இடத்தை நான் வேகமாகக் கடந்தேன். வென்றிருப்போம் என்று நானும் சொல்பவன்தான். ஆனால் 1981இல் வென்றிருக்க வேண்டியதும் உண்டு. அது நான் வருவதற்கு முந்திய காலம். ஒக்டோபர் 19, திங்கட்கிழமை, உலகத் தொடருக்குப் போவது யார் என்ற ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், சமநிலை. டொட்ஜர்ஸின் ரிக் மண்டே அடித்த ஒரு ஹோம் ரன்னோடு எல்லாம் முடிந்தது. எங்கள் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் முன்னால் அந்தப் பெயரை உச்சரிக்க முடியாது. ஆகவே 1994இல் உறுதி என்று சொல்கிறவர்களைப் பார்த்தால், அந்த மனுஷனின் முகம் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொள்வேன்.

கேள்வி: ஜக்கி ரொபின்சன் மொன்றியலில் ஆடியவர் என்கிறார்களே, அவர் பலகையில் எங்கள் ஊர் இருக்கிறதா? (மொன்றியல் வாசகர்)

அணிகளின் வரிசையில் இல்லை. பலகையில் வருவது பெரிய லீக் அணிகள் மட்டும், மொன்றியல் றோயல்ஸ் அதற்கு ஒரு படி கீழே. 1946இல் டெலோரிமியே மைதானத்தில் றோயல்ஸுக்கு ஆடினார், லீக்கின் துடுப்பாட்ட சராசரியில் முதலிடம் பிடித்தார், அணியும் கிண்ணம் வென்றது. அடுத்த ஆண்டுதான் புரூக்ளினுக்குப் போய், கறுப்பினத்தவரைப் பெரிய லீக்கில் சேர்க்காத நிறத் தடையை உடைத்தார். விசித்திரம் என்னவென்றால், 1962இல் வைத்த அவருடைய பலகையில் நிறத் தடை பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஓட்டங்களும் சராசரியும்தான். 2008இல்தான் அதைச் சொல்லும் புதிய பலகை வந்தது. பழையதே அவர் விரும்பிய முறை என்பார்கள். எனக்குப் புதியதுதான் சரி. பிள்ளைகள் வாசிக்க வேண்டிய பலகை.

நீங்கள் மொன்றியலிலேயே இருப்பதால் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. வில்றே பகுதியில் டு காஸ்பே வீதி 8232ஆம் இலக்க வீட்டைப் போய்ப் பாருங்கள். ரொபின்சன் தம்பதி அந்தக் கோடையில் வாடகைக்கு இருந்த வீடு, சுவரில் நினைவுப் பலகை உண்டு. ஜாரி பூங்காவில் இருந்து நடை தூரம்.

கேள்வி: குடும்பத்தோடு போக விரும்புகிறோம். எப்போது, எப்படிப் போவது? சாப்பாடு? (பிரம்டன் வாசகி)

மொன்றியலில் இருந்து காரில் ஐந்து மணி நேரம்: எல்லை கடந்து 87ஆம் நெடுஞ்சாலையில் அல்பனிவரை, பிறகு மேற்கே மலைப் பக்கம். உங்கள் பக்கத்தில் இருந்து பஃபலோ வழியாக வருவதென்றால் எல்லைக் காத்திருப்போடு ஆறு மணிக்குக் குறையாது. அமெரிக்க நன்றி தெரிவிக்கும் நாள், நத்தார், புதுவருடம் தவிர ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். ஜூலைக் கடைசியில் புதியவர்களைச் சேர்க்கும் விழா, அந்த வார இறுதியில் அறையும் கிடைக்காது, காரை நிறுத்தவும் இடம் கிடைக்காது. கோடை முழுக்கவே சிறுவர் போட்டிகளுக்கு வரும் அணிகளால் ஊர் நிறைந்திருக்கும். ஊருக்கு வெளியே காரை விட்டுவிட்டு டிராலி பஸ்ஸில் வருவது புத்தி. நான் இலையுதிர் காலத்தில் போனேன், மண்டபத்தில் நின்று வாசிக்க இடம் இருந்தது.

சாப்பாடு ஹொட் டோக், பீட்சா வகையறா. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய் ஒட்சேகோ ஏரிக்கரையில் இருந்து சாப்பிடுங்கள், பிரதான வீதியில் இருந்து நடந்தே போகலாம். அருங்காட்சியகக் கடையில் ஒவ்வொருவரின் பலகைக்கும் தபாலட்டை விற்கிறார்கள், நான் வாங்கி வந்தது அவைதான். எக்ஸ்போஸ் தொப்பியும் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. அணி இருந்தபோது கடைசி ஆண்டுகளில் ஸ்டேடியம் ஆளில்லாமல் கிடந்தது, இப்போது அந்தத் தொப்பி அமெரிக்கா முழுக்க நாகரிகம்!

கேள்வி: என் அப்பா ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் துப்புரவுப் பணி செய்தவர். 2004 செப்டெம்பர் 29 கடைசி ஆட்டத்தின் ரிக்கெற் துண்டும், அன்று போட்ட அடையாள அட்டையும் அவர் பெட்டியில் இருந்தன. கூப்பர்ஸ்டவுன் வாங்குமா? என்ன விலை போகும்? (லவால் வாசகர்)

விலை போகாது. அவர்கள் எதையும் காசு கொடுத்து வாங்குவதில்லை. அங்கே இருக்கும் 40,000க்கு மேற்பட்ட பொருட்களும் நன்கொடையாக வந்தவையே. கொடுக்க விரும்பினால் பொருளை அனுப்பாதீர்கள். முதலில் படமும், அது யாருடையது, எப்படிக் கைக்கு வந்தது என்ற விபரமும் எழுதி அனுப்புங்கள். பொறுப்பாளர் குழு பார்த்து முடிவு சொல்லும். எடுத்துக்கொண்டாலும் காட்சிக்கு வைப்பதாக வாக்குத் தர மாட்டார்கள். பெரும்பகுதி எப்போதும் களஞ்சியத்தில்தான் இருக்கிறது.

அந்த ஆட்டத்துக்கு 31,395 பேர் வந்தார்கள். புளோரிடா மார்லின்ஸிடம் 9-1 என்று தோற்றோம். ரிக்கெற் துண்டு எத்தனையோ வீடுகளில் இருக்கும், அதை அவர்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடும். ஆனால் அப்பாவின் அடையாள அட்டை வேறு. மைதானத்தைக் கூட்டிக் கழுவியவர்களின் பொருட்கள் இப்படிப்பட்ட இடங்களுக்கு அதிகம் வருவதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதிப் பாருங்கள். அவர் எந்த ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தார், எந்தப் பகுதியில் வேலை செய்தார், எந்த நேரச் சுற்று என்பதைத் தெரிந்த அளவுக்குக் குறித்து வையுங்கள். அம்மா இருக்கிறார் என்றால் இப்போதே கேட்டு எழுதுங்கள். கூப்பர்ஸ்டவுன் மறுத்தால் ஒன்ராறியோவின் சென்ற் மேரிஸில் கனடாவின் பேஸ்போல் அருங்காட்சியகம் இருக்கிறது, எக்ஸ்போஸ் அவர்களுக்கு வீட்டுப் பிள்ளை. பதில் வரும்வரை அட்டைக்குப் பிளாஸ்டிக் ஒட்டு அடித்துவிடாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.